சொன்ன அளவுக்குப் பெய்த மழை

உள்ளதை உள்ள அளவில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. பூ மார்க்கெட்டில் இரண்டு பேர் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தால், அவர் வண்டி எங்கள் ஊருக்குத் திரும்பி வருவதற்குள் அங்கே வெட்டுக்குத்து நடந்து முடிந்திருக்கும். சின்னாளபட்டி விலக்கில் ஒரு லாரி பழுதாகி நின்றால், மதுரை வரைக்கும் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும். அவருக்குக் காய்ச்சல் கண்டால், அது வைத்தியரே பார்த்து மிரண்ட காய்ச்சலாகத்தான் இருக்கும். இதனால் அவருக்கு ஆதாயம் எதுவும் இல்லை. யாரையும் ஏமாற்றும் எண்ணமும் இல்லை. இலையில் இடம் இருக்கும் வரை பரிமாறிக்கொண்டே இருப்பவர்களைப் பந்தியில் பார்த்திருப்போம். பேச்சில் அவர் அந்த வகை.

எங்கள் ஊரிலிருந்து நிலக்கோட்டைக்கு மல்லிகைப்பூ ஏற்றிப் போகும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி அவருடையது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். இரத்த உறவு இல்லை என்றாலும் அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அத்தை. நான் காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், காலை வண்டியின் முன்சீட்டில் அவர்கள் இருவருக்கும் இடையே புத்தகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்து நிலக்கோட்டை வரை போவேன், அங்கிருந்து பஸ். பின்னால் ஈரச்சாக்கில் மொட்டு மணக்கும். முன்னால் மாமா உலகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வருவார்.

மார்க்கெட்டில் பூவைச் சாக்கோடு எடை போட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கழிவு போட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊர் அதே முறையை மாமாவின் பேச்சுக்கும் வைத்திருந்தது. நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட வேண்டும். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் குழந்தைகளுக்குக்கூட அது தெரிந்திருந்தது. “மாமா சொன்னாரா? கழிவு போட்டுக்க தாயி” என்று அத்தை அவர் எதிரிலேயே சொல்வார். அவர் கோபப்பட்டுப் பார்த்ததில்லை.

“நான் முழுசாத்தான் குடுக்குறேன். கழிச்சுக்கிறது அவுகவுக இஷ்டம்” என்பார்.

இந்த ஏற்பாட்டில் ஊரும் அவரும் பல ஆண்டுகள் சுகமாக இருந்தார்கள். அதைக் குலைத்தவர் அவருடைய சம்பந்தி.

மகளை ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போனபோது நாங்களும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும் நேரத்தில், எங்கள் கண்மாயின் மீன்பிடித் திருவிழாவைப் பற்றிப் பேச்சு வந்தது. கோடையில் தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு இறங்கியதும் நடப்பது அது. ஊர்க்காரர்களும் விருந்தாளிகளும் ஒரே நேரத்தில் இறங்கி, அகப்பட்டதைக் கூடையில் அள்ளிக்கொள்ளலாம். பிடித்த மீனை விற்கக் கூடாது, சமைத்துச் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு.

“எங்க கம்மாய்க் கட்லா ஒவ்வொண்ணும் ஆள் தொடைத் தண்டி இருக்கும் சம்பந்தி” என்றார் மாமா. “கரையில தூக்கிப் போடணும்னா தலைக்கு ஒரு ஆளு, வாலுக்கு ஒரு ஆளு வேணும்.”

சம்பந்தி ஒல்லியான மனிதர். பேசுகிறவரின் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்காமல் கேட்பவர். “அப்படீங்களா?” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “ஏனுங்க, அடுத்த மீன் திருநாளுக்கு நம்ம எல்லாருமே போறோமுங்க” என்று தன் வீட்டாருக்கு அறிவித்தார்.

திரும்பும் வழியில் மாமா வெகுநேரம் பேசவில்லை. அது எங்களுக்குப் புதிது. செம்பட்டி தாண்டிய பிறகு சொன்னார்: “தாயி, அந்த மனுசன் கழிவே போடல.”

“யாரு மாமா?”

“சம்பந்திதான். நான் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தேன். சொன்னதை அப்படியே உள்ள வாங்கிட்டாரு. இது வரைக்கும் என்னை யாரும் இப்படிச் செஞ்சதில்ல.”

“அதுக்குத்தான் வாயை அளந்து தெறக்கணுங்கிறது” என்றார் அத்தை.

“தெறந்தாச்சு. இனிமே மீனைத்தான் பெருசாக்கணும்.”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் கண்மாய் அப்போது இருந்த நிலையில் மீன் பெரிதாவது அவ்வளவு எளிதல்ல. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால், ஊரின் மேற்கே உள்ள வயல்களுக்கு நடுவே வருகிறது. மானாவாரியாகச் சோளமும் கடலையும் போட்டவரை அந்த வயல்கள் வாய்க்காலைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. மல்லிகை வந்த பிறகு கணக்கு மாறியது. மொக்குப்புழுவுக்கு அடிக்கடி மருந்தடிக்க வேண்டும். பூ ஓயாமல் வர வேண்டுமானால் உரம் ஓயாமல் போட வேண்டும். மருந்தடித்து முடித்ததும் முதுகில் இருக்கும் டேங்கை எங்கே கழுவுவது? பக்கத்தில் ஓடும் வாய்க்காலில்தான். வயலை அகலமாக்க வாய்க்கால் கரையை மண்வெட்டியால் வருடந்தோறும் கொஞ்சம் செதுக்கிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. செதுக்கிய கரையில் புல் நிற்பதில்லை. புல் இல்லாத கரை மழைக்குக் கரைகிறது. மண்ணும் உரமும் மருந்தும் ஒரே பாதையில் கண்மாய்க்குள் போய்ச் சேர்கின்றன. யாரும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் செய்தது சிறிது. அதனால்தான் ஒவ்வொருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் நான் அறிந்திருந்தேன். படிப்புக்காக அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதித்தவள் நான். ஊர்ச் சாவடியில் ஒருநாள் இதைப் பொறுமையாக, ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் விளக்கினேன். வாய்க்காலின் முதல் வயல் கருப்பையா என்பவருடையது. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “நல்லாப் பேசுன ஆத்தா. பேசாம டீச்சர் வேலைக்குப் போயிரு” என்று வாழ்த்தினார். மறுநாள் காலை அவருடைய டேங்க் வாய்க்காலில் கழுவப்பட்டுக்கொண்டிருந்தது.

மாமா வண்டியை நிறுத்தினார்.

“கருப்பையா, ஒனக்குச் சேதி தெரியாதா? கீழ்க்காட்டுல ஒரு எருமை இந்த மாதிரி டேங்க் கழுவுன தண்ணியக் குடிச்சிருக்கு. வீட்டுக்குப் போயி, தன் கன்னுக்குட்டியவே யாருன்னு தெரியாம மோந்து பார்த்துட்டு வெளிய வந்து நின்னுருச்சாம். இன்னும் அப்படியே நிக்குதாம்.”

“அடப் போப்பா” என்றார் கருப்பையா. ஆனால் அவர் கை நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கணக்குப்படி கழிவு போட்டுப் பார்த்தாலும், எருமை கன்றை மறக்காவிட்டாலும், கொஞ்ச நேரமாவது முழித்திருக்க வேண்டும். எருமை முழிப்பது என்பது சாதாரண விஷயமல்ல.

வண்டி கிளம்பியதும் நான் கடிந்துகொண்டேன். “நான் சொன்னது அது இல்லையே மாமா. நான் சொன்னது தண்ணியில மருந்து கலக்குறதால மீனுக்கு இரையாகுற பூச்சியெல்லாம் குறையுதுன்னுதான்.”

“நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொன்னா, அவன் டேங்கைக் கழுவி முடிச்சுட்டு, நல்லாப் பேசுனீகன்னு சொல்லிட்டுப் போவான். பூச்சிக்கு யாரு தாயி அழுகுறது? எருமைன்னா நிப்பான்.”

 பொய்யால் விளைந்த நன்மையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அவருடைய எருமைக்குப் பயந்து ஒரு வீட்டில் கண்மாய் மீனையே சமையலில் இருந்து விலக்கிவிட்டார்கள். அந்த அம்மாவைத் தேற்ற மாமா பட்ட பாடு பெரிது. கூட்டிச் சொல்லத் தெரிந்தவருக்குக் குறைத்துச் சொல்லும் வித்தை கைவரவில்லை. எருமை தேறிவிட்டது என்று தொடங்கி, அது இப்போது முன்பைவிட அதிகமாகப் பால் கறக்கிறது என்று முடித்துவிட்டு வந்தார்.

ஆனால் அவர் பேசியதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டேங்கைக் கழுவும் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று என்னைக் கேட்டார். மருந்தடித்த அதே செடியின் மேல் ஊற்றிவிடலாம் என்றேன். அன்றிலிருந்து மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வரும்போது, பின்னால் ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வருவார். வாய்க்காலோரம் மருந்தடிப்பவரைக் கண்டால் ஹாரனை அழுத்துவார். “வாங்க, வாங்க. இங்கயே கழுவிக்கங்க, செடிக்கே ஊத்திருங்க.” ஓசியில் தண்ணீர் வயலுக்கே வரும்போது யார் வாய்க்காலுக்கு இறங்குவார்கள்? கருப்பையாவைக் கெஞ்சி, அவர் கரையில் ஓரடி அகலத்துக்குப் புல் வளரவும் விட வைத்தார். அந்தப் புல்லைத் தின்ற ஆட்டைப் பற்றி அவர் சொன்ன பெருமைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

வாரம் ஒருமுறை சம்பந்தி போன் செய்வார். மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் வண்டியில் எல்லோருக்கும் கேட்கும்.

“மீனுங்கெல்லாம் எப்படி இருக்குதுங்க?”

“வளருதுங்க சம்பந்தி” என்பார் மாமா. அவ்வளவுதான். அந்த ஒரு மனிதரிடம் மட்டும் அவருக்குப் பேச்சு சுருங்கிவிடும். போனை வைத்துவிட்டு வேட்டியால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். “நம்புறவன்கிட்ட பேசுறது ரொம்பக் கஷ்டம் தாயி” என்று ஒருமுறை சொன்னார்.

மீன் உண்மையிலேயே வளர்ந்தது. அந்தக் கோடையில் கண்மாயின் நடுவில் கட்லாக்கள் புரளும்போது தண்ணீர் தடித்து எழுந்து அடங்குவதைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. தொடைத் தண்டி இல்லை. ஆனாலும் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். சம்பந்தி குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கோடை மழை வந்தது.

மழைச் செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தவரும் மாமாதான். மார்க்கெட்டுக்கு வரும் டிரைவர்கள் சொல்லக் கேட்டு வந்து, டீக்கடையில் இறங்கியதும் அறிவித்தார்: “நாளைக்கு மழை. லேசுப்பட்ட மழை இல்ல. வாய்க்கா பூராம் கரை தட்டி ஓடும், வயக்காட்டுல நிக்க முடியாது.”

எல்லோரும் கழிவு போட்டுக்கொண்டார்கள். நாலில் ஒரு பங்கு என்றால், பூமி நனையும்படி ஓர் இதமான மழை. அப்படிப்பட்ட மழைக்கு முதல்நாள் யூரியாவை வீசிவிட்டால், மழையே அதைக் கரைத்து வேருக்குக் கொடுத்துவிடும். இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? அன்று சாயங்காலம் வாய்க்காலின் இருபுறமும் ஒரு வயல் பாக்கி இல்லாமல் வெள்ளை வெள்ளையாக உரம் விழுந்தது. எங்கள் அப்பாவும் வீசினார்.

மறுநாள் மாமா சொன்னபடியே பெய்தது. ஒரு துளி குறையவில்லை.

வாய்க்கால் கரை தட்டிச் செம்மண் நிறத்தில் ஓடியது. வீசிய உரம் வேருக்குப் போகாமல் தண்ணீரோடு கண்மாய்க்குப் போனது. மழை விட்டதும் டீக்கடையில் கருப்பையா மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, நெசமாவே இம்புட்டு மழைன்னா, நெசமாவே இம்புட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன்ல?”

“நீ எப்பவும் அப்படித்தானே சொல்லுவ. இந்த வாட்டி உள்ளதுதான்னு தனியாச் சொல்லியிருக்கணும். என் உரமெல்லாம் போச்சு.”

“நான் முழுசாக் குடுத்தேன். நீ ஏன் கழிச்ச?”

“பழக்கதோசம்ப்பா” என்றார் கருப்பையா. கடையே சிரித்தது. உரம் போனதைப் பற்றித்தான் அன்று எல்லோரும் பேசினார்கள். அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசினேன், கேட்க யாரும் இல்லை.

சில நாட்களில் கண்மாய் பச்சை பிடித்தது. வயலுக்குப் போட்ட உரத்தைத் தின்று பாசி கொழுத்தது. அதற்கடுத்த ஒரு விடியலில், பூ ஏற்றிக்கொண்டு கரையோரம் போகும்போது மாமா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார்.

“தூறுதா தாயி?”

தூறவில்லை. ஆனால் கண்மாயின் நீர்ப்பரப்பு முழுவதும் தூறல் விழுவது போலச் சின்னச் சின்ன வட்டங்கள் தோன்றி மறைந்துகொண்டிருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு மீனின் வாய். காற்றுக்காக மேலே வந்து திறந்து திறந்து மூடின.

“பகல்ல பாசி தண்ணிக்குக் காத்துக் குடுக்கும் மாமா. ராத்திரியில அதுவும் சேர்ந்து இருக்கிற காத்த எடுத்துக்கும். விடியுறப்ப மீனுக்கு மிச்சம் இருக்காது” என்றேன்.

“என்ன செய்யலாம்?”

“தண்ணிய எடுத்து மேல இருந்து அதுலயே கொட்டணும். விழுகுறப்ப காத்து கலக்கும். நிறைய மோட்டார் வேணும்.”

அவர் அத்தையிடம் பூச்சாக்குகளைக் கொடுத்து, அவ்வழியே வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நேராகக் கருப்பையா வீட்டு வாசலில் வண்டி நின்றது. நான் அந்தக் கணத்துக்குப் பயந்தேன். இத்தனை ஆண்டுப் பேச்சுக்கும் பிறகு யார் இவரை நம்பித் தண்ணீர் இறைக்கும் இன்ஜினைத் தூக்கிக் கொடுப்பார்கள்? கண்மாயே கொதிக்கிறது, மீனெல்லாம் கரையேறி நடக்கிறது என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

மாமா வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை. “கருப்பையா. மீனு மூச்சுக்குத் தவிக்குது. ஒன் ஆயில் இன்ஜின் வேணும்.”

பல் துலக்கிக்கொண்டிருந்த கருப்பையா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “அப்புறம்?”

“அம்புட்டுத்தான்.”

கருப்பையா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “ஏலே,” என்று வீட்டுக்குள் மகனைக் கூப்பிட்டார், “எந்திரிச்சு வாடா. இவன் கம்மியாப் பேசுறான். என்னமோ பெருசா நடந்துபோச்சு.”

அந்தச் சேதி வண்டியைவிட வேகமாகப் போனது. மாமா சுருக்கமாகப் பேசுகிறார் என்பதைக் கேட்டே பாதி ஊர் கண்மாய்க்கு வந்துவிட்டது. வாய்க்காலோரத்து இன்ஜின்கள் எல்லாம் கரைக்கு வந்தன. கவைக் கம்புகளை நட்டு, குழாய்களை உயர்த்திக் கட்டி, கண்மாய்த் தண்ணீரைக் கண்மாய்க்குள்ளேயே அருவியாகக் கொட்டினோம். பாசி அடங்கும் வரை விடியல் தோறும் அந்த இரைச்சல் கேட்டது. டீசலை அவரவரே ஊற்றிக்கொண்டார்கள். அந்த நாட்களில் யாரும் வயலில் உரம் வீசவில்லை. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மீன்கள் பிழைத்தன. ஆனால் எல்லா மீன்களும் அல்ல. மூச்சுத் திணறும்போது முதலில் சாவது பெரிய மீன். அதற்குத்தான் காற்று அதிகம் வேண்டும். நாங்கள் இன்ஜினைக் கொண்டுவருவதற்குள் கட்லாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கத் தொடங்கிவிட்டன. மாமாதான் அவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கிக் கரைக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிப் புதைத்தார். தப்பியவை உள்ளங்கை அளவு ஜிலேபி மீன்களும் கெண்டைக் குஞ்சுகளும்.

மழைத் தண்ணீர் சேர்ந்தும் கண்மாய் இடுப்பளவைத் தாண்டாததால், திருவிழாவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. அத்தை தினமும் நச்சரித்தார்: “போன் போட்டுச் சொல்லிருங்க. பாவம், அந்த மனுசன் ஆசையா வாராரு.” மாமா போனை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். “பொய் சொல்றதுன்னா இந்நேரம் சொல்லியிருப்பாரு. உள்ளதைச் சொல்லிப் பழக்கமில்லையே” என்றார் அத்தை என்னிடம்.

சம்பந்தி குடும்பம் காலையிலேயே வந்து இறங்கியது. கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்று வைத்திருந்தார். “எங்க ஊட்டு அரிவாமணை உங்க மீனுக்குப் பத்தாதுன்னு சொன்னாங்க. அதனால கறிக்கடையில சொல்லிப் பெரிய கத்தியா வாங்கியாந்தனுங்க” என்றார். மாமா அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கண்மாயில் கூட்டம் இறங்கியிருந்தது. குழந்தைகளின் கூச்சலும் சேற்று மணமுமாக ஊர் சந்தோஷமாகத்தான் இருந்தது. சம்பந்தி கரையில் நின்று, ஏறிவரும் கூடைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் சின்ன மீன்கள்.

“ஏனுங்க, பெரிசெல்லாம் எங்கீங்க?”

 கருப்பையா ஈர வேட்டியோடு கூடையைத் தூக்கியபடி நின்றார். எங்கள் எல்லோர் மனதிலும் கழிவு தயாராக இருந்தது.

“செத்துப் போச்சுங்க சம்பந்தி” என்றார் மாமா. “மழைக்கு முந்தி வயலுக்கு உரம் போட்டோம். அம்புட்டும் அடிச்சுக்கிட்டு வந்து தண்ணியில கலந்துருச்சு. பெருசெல்லாம் மொதல்ல போயிருச்சு. நான்தான் பொதைச்சேன்.”

சம்பந்தி தண்ணீரைப் பார்த்தபடி அளவு கேட்டார்: “எத்தாச்சோடு இருந்துச்சுங்க?”

மாமா இடது கையை நீட்டினார். வலது கையால் முழங்கையைத் தொட்டு, பிறகு நடுவிரல் நுனியைத் தொட்டார். ஒரு முழம். நான் அந்த மீன்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியான அளவு.

சம்பந்தி கத்திப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அதைக் கருப்பையாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் எவ்வளவு அகலம் விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தார்.

“இம்புட்டு இருந்துச்சுங்க ஐயா. நானே என் கண்ணால பார்த்தேன். தொடைத் தண்டி. தலைக்கு ஒரு ஆளு, வாலுக்கு ஒரு ஆளு.”

“ஆமாங்க, பார்த்தோம்” என்றார் பின்னால் ஒருவர். “அதைவிடப் பெருசும் கெடந்துச்சு” என்றார் எங்கள் அப்பா.

சம்பந்தி அவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்புட்டு இருக்காதுங்க சம்பந்தி” என்றார் மாமா. “நான் காட்டுனதுதான்.”